போர்ஷே 911 ஜிடி3 வாங்க டீலருடன் பழகுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ் நண்பர்கள் சிலர், ஐம்பது வயதை நெருங்கும்போது, சிறுவயதில் சுவரில் படமாக ஒட்டி வைத்திருந்த காரை வாங்கத் துணிகிறார்கள். வீட்டுக்கடன் பெரும்பகுதி அடைந்திருக்கும், பிள்ளைகள் கல்லூரிக்குப் போயிருப்பார்கள். ஆசையோடு ஷோரூமுக்குப் போனால், "அந்தக் கார் இப்போது இல்லை, பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்ற பதில் வருகிறது. பணத்தோடு போய் வெறுங்கையோடு திரும்பிய அனுபவம் எனக்கும் உண்டு. போர்ஷே 911 என்ற ஸ்போர்ட்ஸ் காரில் பந்தயத் தடத்தை மனதில் வைத்துச் செய்த வகைதான் ஜிடி3. அதைத் தயாரிப்பாளர் குறிக்கும் பட்டியல் விலைக்கே வாங்க எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. அதன்பிறகு என்னிடம் பலர் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் அமெரிக்கச் சந்தையைப் பற்றியவை. வேறு நாடுகளில் சட்டமும் வழக்கமும் வேறு.

கேள்வி: பணம் தயாராக இருக்கிறது. டீலரோடு பழக வேண்டிய தேவை என்ன?

கேட்பவர்களின் எண்ணிக்கையைவிடக் குறைவாகத்தான் இந்தக் கார் தயாராகிறது என்பதுதான் காரணம். 2021 பிப்ரவரியில் அறிமுகமான ஜிடி3 காரில் டர்போ இல்லாத 4 லிட்டர் எஞ்சின் இருக்கிறது. ஆறு சிலிண்டர், 502 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9,000 சுற்றுகள் வரை ஏறும். அந்தச் சத்தத்தை ஒருமுறை உள்ளே உட்கார்ந்து கேட்டவர்களுக்கு மற்ற கார்கள் ஊமையாகத் தோன்றும். அன்று அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 1,61,100 டாலர். 2024 அக்டோபரில் வந்த திருத்திய வடிவத்துக்கு 2,22,500 டாலர் ஆனது. விலை இவ்வளவு ஏறியும் வரிசை குறையவில்லை. ஒருமுறை கைமாறிய கார்களேகூடப் பட்டியல் விலையைத் தாண்டி விற்கின்றன. ஆகவே பட்டியல் விலைக்கு ஒரு ஜிடி3 கொடுக்கும் டீலர், வெளியில் பல ஆயிரம் டாலர் கூடுதலாகப் பெறக்கூடிய பொருளை உங்களிடம் கொடுக்கிறார். அதை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை அவரிடம் இருக்கிறது.

அந்த உரிமை சட்டத்திலிருந்து வருகிறது. அமெரிக்க மாநிலங்களின் டீலர் சட்டங்கள்படி போர்ஷே போன்ற நிறுவனங்கள் வாடிக்கையாளருக்கு நேரடியாகப் புதுக் கார் விற்பதில்லை. டீலருக்கு விற்கின்றன, டீலர் நமக்கு விற்கிறார். அவர் போர்ஷேயின் ஊழியர் அல்லர், சொந்த முதல் போட்டுத் தொழில் நடத்துபவர்.

நம் ஊர்ப் பழக்கத்தை நினைத்துப் பாருங்கள். கல்யாண நகைக்கும் பட்டுக்கும் மூன்று தலைமுறையாக ஒரே கடைக்குப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. நல்ல உருப்படி வந்தால் கடைக்காரர் எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார். 'வாடிக்கையாளர்' என்ற சொல்லுக்குள்ளேயே 'வாடிக்கை' இருக்கிறது. ஒருநாள் வந்து வாங்கிப் போகிறவரை நம் முன்னோர் அந்தப் பெயரால் அழைக்கவில்லை. போர்ஷே ஷோரூமிலும் இதே கணக்குதான் நடக்கிறது.

கேள்வி: 'ஒதுக்கீடு' என்கிறார்களே, அது எப்படி நடக்கிறது?

போர்ஷேயின் வட அமெரிக்கத் தலைமையகம் அட்லாண்டாவில் இருக்கிறது. நாடு முழுவதும் உள்ள ஏறத்தாழ 200 டீலர்களுக்கு அங்கிருந்து கார்களைப் பங்கிடுகிறார்கள். பெரும்பாலும், அதிகம் விற்கும் டீலருக்கு ஜிடி3 போன்ற அரிய கார்களும் அதிகம் வரும். சிறிய ஊர் டீலருக்கு ஓராண்டில் ஒன்றோ இரண்டோ வந்தால் பெரிது. டீலருக்கு ஓர் ஒதுக்கீடு வந்து, அதில் உங்கள் பெயர் ஏறி, ஆர்டர் எண் கிடைத்த பிறகுதான் உங்களுக்கு ஒரு கார் உண்டு என்று பொருள். அதற்கு முன் நீங்கள் நிறமும் இருக்கையும் தேர்ந்தெடுத்துத் தாளில் அச்சிட்டு வைத்திருப்பது எல்லாம் ஆசை மட்டுமே.

"காத்திருப்போர் பட்டியலில் ஏழாவது இடத்தில் இருக்கிறீர்கள்" என்று சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். ஆண்டுக்கு இரண்டு கார் வரும் இடத்தில் ஏழாவது இடம் என்பது மூன்றரை ஆண்டு. அதற்குள் அந்த மாடலின் தயாரிப்பே முடிந்திருக்கலாம். மேலும் அது ரேஷன் கடை வரிசை போன்றதும் இல்லை. டீலர் நினைத்தால் பதினைந்தாவது ஆளை முதலில் கூப்பிடலாம், அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. அதனால் வரிசை எண்ணைக் கேட்பதை விட்டுவிட்டு, இரண்டு கேள்விகளை மரியாதையாகக் கேளுங்கள்: "சென்ற ஆண்டு உங்களுக்கு எத்தனை ஜிடி3 வந்தன? அவற்றில் எத்தனை பட்டியல் விலைக்குப் போயின?" நேர்மையான டீலர் இதற்குப் பதில் சொல்வார். பேச்சை மாற்றுகிறவரிடம் காலத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: பட்டியல் விலைக்கு மேல் ஐம்பதாயிரம் டாலர் கேட்கிறார்கள். இது சட்டப்படி சரியா?

சரிதான். 1958ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் ஒன்றின்படி ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் விலைச் சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனியின் பெயராலேயே அந்தச் சீட்டை இன்றும் அழைக்கிறார்கள். ஆனால் அதில் உள்ளது தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் விலை மட்டுமே. அதற்கு மேல் விற்க டீலருக்குத் தடை இல்லை. 2021, 2022ஆம் ஆண்டுகளில் சிப் தட்டுப்பாடு வந்தபோது சாதாரணக் குடும்பக் கார்களுக்கே கூடுதல் விலை கேட்டார்கள்.

சில இடங்களில் கூடுதல் விலையை நேராகக் கேட்காமல், பெயிண்ட் பாதுகாப்புப் படலம், திருட்டுத் தடுப்புக் கருவி, டயர் காப்பீடு என்று வேறு பெயர்களில் ஏற்றுவார்கள். வேண்டாத சேர்க்கைகளை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதைக் கட்டுப்படுத்த அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. நடைமுறைக்கு வருமுன்பே, 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே இன்றும் கணக்குச் சீட்டை வரிவரியாகப் படிக்க வேண்டியது நாம்தான்.

கூடுதல் விலை கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். காத்திருக்க முடியாத காரணம் சிலருக்கு இருக்கும், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் விலை கொடுத்து வாங்கியவருக்கு டீலர் எந்த நன்றிக்கடனும் படுவதில்லை. அடுத்த காருக்கும் அவரிடம் அதே விலையைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

கேள்வி: முதல் தடவை போகும்போது என்ன பேசலாம்?

சனிக்கிழமை மதியம் போகாதீர்கள், ஷோரூம் நிரம்பி வழியும். செவ்வாய், புதன் போன்ற வேலைநாளில் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். நீங்கள் யார், இப்போது என்ன ஓட்டுகிறீர்கள், ஏன் இந்தக் கார், வாங்கினால் எப்படி ஓட்டுவீர்கள் என்பதை உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். இன்னொரு ஸ்போர்ட்ஸ் காரை இதுவரை வைத்திருந்ததில்லை என்றால் அதையும் சொல்லலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தத் தொழிலில் இருபது ஆண்டு இருப்பவர்கள், பொய்யாக அளப்பவரை மூன்றாவது வாக்கியத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

காரைப் பற்றிப் படித்துவிட்டுப் போங்கள். பின்னிறக்கை இல்லாத டூரிங் வடிவம் வேண்டுமா, கையால் கியர் மாற்றும் வண்டியா, தானாக மாற்றும் வண்டியா, எந்த இருக்கை என்பதில் முன்பே முடிவுக்கு வந்திருந்தால் நீங்கள் வேடிக்கை பார்க்க வரவில்லை என்று அவர்களுக்குப் புரியும். அன்றே டெஸ்ட் டிரைவ் கேட்காதீர்கள். ஜிடி3 காரை எந்த ஷோரூமும் அப்படித் தருவதில்லை. போர்ஷே ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால், அட்லாண்டாவிலும் லாஸ் ஏஞ்சலஸ் அருகிலும் அந்த நிறுவனமே நடத்தும் ஓட்டுநர் அனுபவ மையங்கள் இருக்கின்றன. பணம் கட்டினால் பயிற்றுநரோடு தடத்தில் ஓட்டலாம். நான் அட்லாண்டா மையத்துக்குப் போய்வந்த பிறகுதான் எனக்கு எந்தக் கார் வேண்டும் என்பதே தெளிவானது.

கேள்வி: விற்பனையாளரிடம் பழகுவதா, மேலாளரிடமா?

விற்பனையாளரிடம் தொடங்குங்கள், ஆனால் மேலாளருக்கும் உங்கள் முகம் தெரிந்திருக்க வேண்டும். அரிய கார்களின் ஒதுக்கீட்டைப் பெரும்பாலும் பொது மேலாளரோ உரிமையாளரோதான் முடிவு செய்கிறார். விற்பனையாளர் உங்களுக்காக வாதாடும் வக்கீல் போன்றவர். அவர் மேலே போய்ப் பேசும்போது, "யார் அது?" என்ற கேள்வி எழுந்தால் பாதி வழக்கு அங்கேயே தோற்றுவிடும். அவரைத் தாண்டி மேலாளரிடம் நேராகப் போய் நிற்பதும் தவறு. அவருடைய கமிஷனும் மரியாதையும் அதில் அடிபடும்.

கேள்வி: "முதலில் வேறு இரண்டு கார் வாங்குங்கள், பிறகு ஜிடி3 பார்க்கலாம்" என்கிறார்கள். வாங்கலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் இதில் நான் சூடுபட்டிருக்கிறேன்.

என் வீட்டுக்கு அருகில் இருந்த டீலரின் விற்பனை மேலாளர், "ஒரு மகான் எடுங்கள், அடுத்த ஜிடி3 உங்களுக்குத்தான்" என்றார். மகான் என்பது போர்ஷேயின் சிறிய எஸ்யூவி. எங்களிடம் ஏற்கெனவே நன்றாக ஓடும் குடும்பக் கார் இருந்தது. மனைவி, "நமக்கு இது எதற்கு?" என்று கேட்டார். நான்தான் பேசிச் சமாளித்து வாங்கினேன். ஓர் ஆண்டு கழித்து அந்த மேலாளர் வேலையை விட்டுப் போனார். புதிதாக வந்தவரிடம் பழைய பேச்சை நினைவூட்டினேன். "எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்று பணிவாகக் கேட்டார். இல்லை. பிறகு ஒரு ஜிடி3 வந்தபோது எனக்கும் அழைப்பு வந்தது, பட்டியல் விலைக்கு மேல் பெரும் தொகையோடு. நான் வேண்டாம் என்றேன். மகானை விற்றபோது இழந்த பணத்தைவிட, வீட்டில் சொன்ன சமாதானங்கள்தான் அதிகம் வலித்தன.

அந்த மேலாளர் என்னை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் அங்கேயே இருந்திருந்தால் கொடுத்திருக்கலாம். ஆனால் வேறொருவர் கையில் இருக்கும் நாளைய முடிவுக்காக இன்று உங்கள் பணத்தை இறக்குவது உறவு ஆகாது. அது ஒருபக்கம் மட்டும் கட்டுப்பட்ட ஒப்பந்தம்.

இப்போது என் அளவுகோல் எளிமையானது. ஜிடி3 வராமலேயே போனாலும் இந்த இன்னொரு கார் எனக்கு வேண்டுமா? வேண்டும் என்றால் அதை அந்த டீலரிடமே வாங்குங்கள், அது உறவுக்கு நல்ல தொடக்கம். மனைவிக்குப் போர்ஷேயின் பெரிய எஸ்யூவியான கயேன் ஒன்றை எப்படியும் வாங்கப்போகிறீர்கள் என்றால் வேறு ஊரில் ஆயிரம் டாலர் குறைகிறது என்று ஓடாதீர்கள். வேண்டாம் என்றால் வாங்கவே வாங்காதீர்கள். குறிப்பாக மின்சார டேகான் காரை இந்தக் கணக்கில் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஓட்டுவதற்கு அருமையான கார்தான், ஆனால் அதன் மறுவிற்பனை விலை சில ஆண்டுகளிலேயே வெகுவாகச் சரிவதைச் சந்தையில் எவரும் பார்க்கலாம். அந்த இழப்பை ஜிடி3 விலையோடு கூட்டிப் பார்த்தால், நேராகக் கூடுதல் விலை கொடுத்திருந்தாலே மலிவாகியிருக்கும் என்ற நிலை வரும்.

சாதாரண 911 கரேரா ஒன்றை முதலில் வாங்கி இரண்டு மூன்று ஆண்டு ஓட்டுவது எனக்குப் பிடித்த வழி. அதுவே பலருக்குப் போதுமான கார் என்று தெரிந்துபோகவும் வாய்ப்பு இருக்கிறது. பிறகு அந்த 911 காரை அதே டீலரிடம் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள பழைய 911 கார்கள் டீலர்களுக்கு எப்போதும் தேவை, அவற்றில்தான் அவர்களுக்கு நல்ல லாபம். வெளியில் இரண்டாயிரம் டாலர் கூடக் கிடைக்கும் என்றாலும் அவர்களிடமே கொடுத்தவரை அவர்கள் மறப்பதில்லை. அடுத்த டீலரிடம் நான் செய்தது இதுதான்.

கேள்வி: சர்வீஸை அங்கேயே செய்துகொண்டால் பலன் உண்டா?

உண்டு. புதுக் கார் விற்பதைவிடப் பணிமனையிலும் உதிரி பாகங்களிலும் டீலர்களுக்கு நிலையான வருமானம் வருகிறது. ஆண்டுக்கு இருமுறை எண்ணெய் மாற்றவும் டயர் மாற்றவும் வருபவர் அவர்கள் கண்ணில் அந்த ஊர்க்காரர். பணிமனை ஆலோசகரோடு நல்லபடி பழகுங்கள், நான் முக்கியமான செய்திகளை முதலில் கேட்டது அவரிடமிருந்துதான்.

1955இல் தொடங்கிய அமெரிக்கப் போர்ஷே கிளப் இன்னொரு நல்ல வாசல். அதன் வட்டாரக் கிளைகள் பந்தயத் தடத்தில் ஓட்டுநர் பயிற்சி நாள்கள் நடத்துகின்றன. டீலர்ஷிப் ஆள்கள் அங்கே வருவார்கள், சிலர் சொந்தக் காரோடு ஓட்டவும் வருவார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி வியர்வை துடைத்துக்கொண்டே பேசும் பத்து நிமிடம், ஷோரூம் சோபாவில் உட்கார்ந்து பேசும் ஒரு மணி நேரத்துக்கு ஈடு. ஜிடி3 காரை ஓட்டுகிறவர்களிடம் கொடுக்கத்தான் நல்ல விற்பனையாளர்கள் விரும்புகிறார்கள். துணி போர்த்திக் கேரேஜில் நிறுத்துகிறவரைவிட உங்களை முன்னே வைக்க அவர்களுக்கு அது ஒரு காரணம்.

கேள்வி: பல டீலர்களிடம் பெயர் கொடுத்து வைக்கலாமா?

இரண்டு மூன்று இடத்தில் கொடுக்கலாம், ஒளிக்காமல் கொடுக்கலாம். பத்து டீலர்களுக்கு ஒரே மின்னஞ்சலை நகல் எடுத்து அனுப்பினால் பத்துப் பேரும் குப்பையில் போடுவார்கள். இது சின்ன உலகம். பக்கத்து மாநில டீலரின் மேலாளர் முன்பு இங்கே வேலை பார்த்தவராக இருப்பார். "இன்னோர் இடத்திலும் பெயர் இருக்கிறது, அங்கே முதலில் வந்தால் உங்களுக்கு உடனே தெரிவிப்பேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி தெரிவியுங்கள்.

எனக்குக் கார் கிடைத்த டீலர் என் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவு. முதல் சந்திப்பிலேயே அந்த விற்பனையாளர், "இரண்டு ஆண்டு ஆகும், மூன்றும் ஆகலாம், உறுதி தர முடியாது" என்றார். மற்றவர்களின் இனிப்பான பேச்சுக்குப் பிறகு அந்தக் கசப்பான பதில் எனக்கு நம்பிக்கை தந்தது.

கேள்வி: முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்? பாதுகாப்பு என்ன?

ஒதுக்கீடு வருவதற்கு முன் பெரிய தொகை கொடுக்காதீர்கள். சில ஆயிரம் டாலருக்கு மேல் தேவையில்லை. கேட்டவுடன் முழுத்தொகையும் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

2018இல் ஃபுளோரிடாவில் நடந்ததை அறிந்திருப்பது நல்லது. அங்கே ஒரு பெரிய போர்ஷே டீலரின் உயர் அதிகாரி, தன் நிறுவனத்தின் பெயரைப் போலவே ஒலிக்கும் போலி நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, முப்பதுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களிடமிருந்து இல்லாத ஜிடி கார்களுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டார். மொத்தம் 25 லட்சம் டாலருக்கும் மேல். அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. பணம் கொடுத்தவர்களில் பலர் அவரோடு ஆண்டுக்கணக்கில் பழகியவர்கள். உறவு ஆழமாக இருந்ததால்தான் காசோலையில் எழுதிய பெயரை யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

ஆகவே எவ்வளவு நெருக்கம் இருந்தாலும் காசோலை டீலரின் சட்டப்படியான பெயருக்கு, ரசீது அவர்கள் கணக்குப் பிரிவிலிருந்து. தனிநபர் கணக்குக்கு ஒரு டாலர்கூட அனுப்ப வேண்டாம். 'ஒதுக்கீட்டை வாங்கித் தருகிறேன்' என்று சொல்லும் தரகர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: கார் வந்ததும் லாபத்துக்கு விற்றால் என்ன?

உங்கள் சொத்து, விற்கலாம். ஆனால் அந்த டீலரிடம் உங்கள் கதை அன்றோடு முடிந்தது. பல டீலர்கள் இப்போது ஆறு மாதமோ ஓர் ஆண்டோ விற்கமாட்டேன், விற்றால் முதலில் டீலரிடமே கொடுப்பேன் என்று கையெழுத்து வாங்குகிறார்கள். கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். வேலை போனால், நோய் வந்தால் என்ன என்று கேட்டு அதையும் எழுதச் சொல்லுங்கள்.

நிறுவனங்கள் இந்த விஷயத்தில் எவ்வளவு கடுமையாகிவிட்டன என்பதற்கு மூன்று நிகழ்ச்சிகள் போதும். 2016இல் போர்ஷே 991 கார்கள் மட்டும் செய்த 911 ஆர், வெளிவந்த சில மாதங்களிலேயே பட்டியல் விலையைப்போல் பல மடங்குக்குக் கைமாறியது. ஓட்டுவதற்கென்று செய்த காரை முதலீட்டுப் பத்திரமாக்கிவிட்டார்கள் என்று அந்த நிறுவனத்தாரே வருந்தினார்கள். அதே ஆண்டு ஃபோர்டு நிறுவனம் ஒரு படி மேலே போனது. தன் ஃபோர்டு ஜிடி காரின் முதல் 500 வண்டிகளுக்கு வந்த 6,506 விண்ணப்பங்களிலிருந்து ஆள் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டு விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டது. மல்யுத்த வீரரும் நடிகருமான ஜான் சீனா வாங்கிய சில வாரங்களிலேயே விற்றுவிட, நிறுவனம் அவர் மேல் வழக்குத் தொடுத்தது. 2018இல் அது சமரசத்தில் முடிந்தது. 2023இல் வந்த 911 எஸ்/டி, மொத்தம் 1,963 கார்கள். அமெரிக்காவில் அதை முதல் ஆண்டு லீஸ் முறையில்தான் போர்ஷே கொடுத்தது. வண்டி உங்கள் பெயரிலேயே இல்லாதபோது எப்படி விற்பீர்கள்?

கேள்வி: விற்பனையாளருக்குப் பரிசு கொடுக்கலாமா?

தீபாவளிக்கு ஒரு பெட்டி இனிப்பு கொண்டுபோங்கள், மொத்தப் பணிமனைக்கும். அதற்கு மேல் வேண்டாம். கைக்கடிகாரமும் பரிசு அட்டையும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது அந்த மனிதரின் வேலைக்கே ஆபத்து. நண்பர்களை அவரிடம் அனுப்பிவைப்பதுதான் அவருக்கு உண்மையில் பயன்படும் பரிசு.

கேள்வி: நம்மவர்கள் பேரம் பேசுபவர்கள் என்ற பெயர் இருக்கிறது. அது தடையாகுமா?

பேரம் பேசுவதில் இழிவு எதுவும் இல்லை, பேசும் இடம் தெரிந்திருக்க வேண்டும். கயேன், மகான் வாங்கும்போது தாராளமாகப் பேசுங்கள். எல்லோரும் பேசுகிறார்கள். ஜிடி3 பட்டியல் விலைக்குக் கிடைக்கும்போது தள்ளுபடி கேட்டால், அந்தக் காரின் சந்தையை நீங்கள் அறியவில்லை என்று ஆகிவிடும்.

ஷோரூமில் சிலர் நம்மைக் கண்டு முகம் கொடுக்காமல் இருந்ததும் உண்டு. எனக்கே நடந்திருக்கிறது. கோபப்பட்டு அங்கேயே நின்று நிரூபிக்க முயல வேண்டாம், வெளியே வந்து வேறு டீலரைப் பாருங்கள். ஏறத்தாழ 200 பேர் இருக்கிறார்கள் என்று மேலே சொன்னேன். புதிதாக நாட்டுக்கு வந்து கடன் வரலாறு குறைவாக உள்ளவர்கள், வங்கியின் முன் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனால் பேச்சு சுலபமாகத் தொடங்கும்.

கேள்வி: ஃபெராரியிலும் இப்படித்தானா?

இதைவிடக் கடினம். ஃபெராரி 2024இல் உலகம் முழுவதற்கும் கொடுத்தது 13,752 கார்கள். எண்ணிக்கை வரம்புள்ள மாடல்கள் யாருக்கு என்பதை இத்தாலியின் மரனெல்லோவில் உள்ள தலைமையகமே முடிவு செய்கிறது, டீலர் பரிந்துரைக்கத்தான் முடியும். ஃபுளோரிடாவின் பிரெஸ்டன் ஹென் பல ஆண்டுகள் ஃபெராரிகளைச் சேர்த்தவர், அபூர்வமான பழைய பந்தயக் காரே அவரிடம் இருந்தது. அப்படி வரம்புள்ள மாடலான லாஃபெராரி அபெர்ட்டா வேண்டும் என்று அன்றைய தலைவர் செர்ஜியோ மார்க்கியோன்னேவுக்குப் பத்து லட்சம் டாலர் காசோலை அனுப்பினார். கிடைக்கவில்லை. 2016இல் வழக்கே தொடுத்தார். பணமும் பழக்கமும் இரண்டுமே இருந்தும் கதவு திறக்காத இடம் அது. முதல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவருக்கு நான் அந்தப் பாதையைச் சொல்லமாட்டேன்.

கேள்வி: என் விற்பனையாளர் வேலை மாறிவிட்டார். நான் என்ன செய்ய?

அதே வாரம் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். இதுவரை பேசியது, கொடுத்த முன்பணம், தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். பழைய விற்பனையாளரோடும் தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள், புது இடத்தில் அவருக்கு வாடிக்கையாளர்கள் தேவைப்படும்.

கேள்வி: பழைய ஜிடி3 வாங்கிவிட்டால் இந்தப் பாடே வேண்டாமே?

நல்ல யோசனை, பலருக்கு நான் அதைத்தான் சொல்கிறேன். கூடுதல் விலை அதில் ஏற்கெனவே அடங்கியிருக்கும். ஆனால் காத்திருப்பு இல்லை, வேண்டாத கார் வாங்க வேண்டியதில்லை. போர்ஷேயின் சான்றளிக்கப்பட்ட பழைய கார் என்றால் 111 அம்சச் சோதனையும் குறைந்தது இரண்டு ஆண்டு உத்தரவாதமும் கிடைக்கும். தனியாரிடம் வாங்கினால் எஞ்சின் கணினியின் பதிவை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அனுமதித்த வேகத்தைத் தாண்டி எஞ்சின் எத்தனை முறை சுழன்றது என்பது ஆறு படிகளில் அதில் பதிந்திருக்கும். தவறான கியர் போட்டு எஞ்சினை வதைத்திருந்தால் மேல்படிகளில் எண் தெரியும். அந்தப் பதிவை எடுத்துத் தருவதும் டீலரின் பணிமனைதான். அங்கே தெரிந்தவர் இருந்தால் வேலை அன்றே முடியும்.

கேள்வி: "உங்களுக்கு ஒதுக்கீடு வந்திருக்கிறது" என்று அழைப்பு வந்துவிட்டது. உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில் போனை எடுங்கள். எடுக்காதவருக்கு அன்று மாலையே அடுத்த ஆள் இருக்கிறார். நிறம், இருக்கை, கியர், சக்கரம் எல்லாவற்றையும் முன்பே முடிவு செய்து விற்பனையாளரிடம் கொடுத்து வைத்திருந்தால் ஒரு வரியில் சம்மதம் சொல்லலாம். விற்பனை விலை பட்டியல் விலையே என்பதையும், சேர்க்கைகள் எதுவும் இல்லை என்பதையும் ஆர்டர் எண்ணோடு மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். மாற்றங்கள் செய்யக் கடைசி நாள் எது என்று கேளுங்கள். அந்த நாளுக்குப் பிறகு ஒரு தையல் நூலின் நிறத்தைக்கூட மாற்ற முடியாது.

எனக்கு அந்த அழைப்பு ஒரு வியாழக்கிழமை, மகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் வந்தது. நெடுஞ்சாலை ஓரம் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, மனைவியின் நோட்டுப்புத்தகத்தின் பின்பக்கத்தில் ஆர்டர் எண்ணை எழுதிக்கொண்டேன். "இந்தத் தடவை எழுத்தில் கேளுங்கள்" என்றார் அவர். கேட்டேன். நாங்கள் அங்கிருந்து கிளம்புமுன் மின்னஞ்சல் வந்துவிட்டது.